கடலோரச் சிறு ஹோட்டலில் தங்கி ஏமாந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திருபது அறைகளோடு கடலை ஒட்டி நிற்கும் சிறிய ஹோட்டல்களைப் பற்றிய கேள்விகள் இவை. பெரிய விடுதிகளில் பராமரிப்புக்கென்றே தனி ஆட்கள் இருப்பார்கள். சிறியதில், சாவியை எடுத்துக் கொடுக்கிறவரேதான் பல்பையும் மாற்றுவார், மோட்டாரையும் போடுவார். குறைகளும் அதற்கேற்ற மாதிரிதான் வரும். பாதி உப்புக் காற்றின் வேலை, மீதி ஆளின் அசட்டை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எதற்குச் சண்டை போடுவது, எதைப் பொறுத்துப் போவது என்று புரியும்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

பெட்டியைப் பிரிக்காதீர்கள், கட்டில் மேலும் வைக்காதீர்கள். முதல் வேலை ஏசியையும் கீசரையும் போடுவது. இரண்டும் தம் குணத்தைக் காட்டக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் மற்றதைப் பார்த்துவிடலாம். குழாய்களைத் திறந்து மூடுங்கள். ஃபிளஷை ஒரு தடவை அழுத்துங்கள். பிறகு கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, மெத்தையின் ஓரம், கடைசியாகப் பால்கனி.

கால் மணி கழித்து ஏசிக் காற்றில் கையை நீட்டுங்கள். அறைக் காற்றைவிட 8 முதல் 12 டிகிரி குறைவாக, சுருக்கென்று குளிர வேண்டும். வெறும் ஃபேன் காற்று மாதிரி வந்தால் இரவு முழுக்க அப்படித்தான் வரும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. சிறிய ஹோட்டலில் மாற்று அறை ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். மாலை ஆறு மணிக்குக் காலியாக இருந்த அறை ஒன்பது மணிக்கு வேறு யாருக்கோ போயிருக்கும்.

கதவைத் திறந்ததும் ஈர வாடை அடிக்கிறது. தங்கலாமா?

வாடையில் வகை உண்டு. பூட்டியே கிடந்த அறையின் புழுங்கல் வாடை என்றால் கதவையும் ஜன்னலையும் எதிரெதிராகத் திறந்து வைத்தால் அரை மணியில் போய்விடும்.

பூஞ்சை வாடை அப்படிப் போகாது. மழையில் நனைந்து காயாத அட்டைப்பெட்டியின் வாடை அது. காற்றாட விட்டால் குறைந்த மாதிரி இருக்கும், ஜன்னலைச் சாத்தியதும் திரும்பி வரும். ஏசியைப் போட்ட முதல் ஐந்து நிமிடம் மட்டும் தூக்கலாக அடித்தால் பூஞ்சை ஏசிக்குள் இருக்கிறது: ஃபில்டரிலோ, காயிலிலோ, தண்ணீர் வடியும் தட்டிலோ. எப்போதும் ஒரே அளவில் அடித்தால் சுவரில் அல்லது மெத்தையில். திரைச்சீலையின் அடி ஓரம், கட்டில் தலைமாட்டின் பின்புறம், அலமாரியின் பின்பலகை, மெத்தையின் அடி ஆகிய இடங்களில் காற்றே போகாது. செல்பேசி டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்து அடித்தால் கறுப்பும் பச்சையுமான புள்ளிகள் எடுப்பாகத் தெரியும். சுவரில் ஒரே ஒரு திட்டு மட்டும் புது பெயிண்டாக மின்னினால் அதுவும் ஒரு சாட்சிதான்.

ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். வெப்பமான கடற்கரையில் 80 என்பது சாதாரணம். ஆள் இல்லாத அறையிலும் தினமும் கொஞ்ச நேரம் ஏசியை ஓட்டி உலர்த்துவது ஹோட்டல்காரர் வேலை. மின் கட்டணத்துக்குப் பயந்து அதை விட்ட இடத்தில்தான் ரூம் ஸ்பிரே வாசனை ஆளைத் தூக்கும்.

ஆஸ்துமா உள்ளவர் கூட இருந்தால் பூஞ்சை அறையில் ஓர் இரவுகூட வேண்டாம். மாற்று அறையை முதல் மாடியிலோ அதற்கு மேலோ கேளுங்கள். நிலத்து ஈரத்தை உறிஞ்சுவது தரைத்தளச் சுவர்கள்தான். மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறை என்றால் கூரையில் கசிவுக் கறை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

குளியலறையிலிருந்து சாக்கடை நாற்றம் வருகிறது. அறையை மாற்றியே ஆக வேண்டுமா?

அவசியமில்லை. தரை ஜாலிக்கு அடியில் ட்ராப் என்ற வளைவு இருக்கும். அதில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று கழிவுக் குழாயின் வாயுவை மேலே வராமல் மறிக்கும். அறை சில வாரம் பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், வாயு நேராக அறைக்கு வரும். ஜாலியில் இரண்டு மக், வாஷ்பேசினில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கினால் விஷயம் முடிந்தது. சில மணி நேரத்தில் மறுபடி வந்தால் ட்ராப் உடைந்திருக்கிறது, அல்லது வைக்கவே இல்லை. அப்போது அறை மாற்றம்தான் வழி.

பெட்ஷீட் பிசுபிசுவென்று இருக்கிறது. துவைக்காமல் போட்டுவிட்டார்களா?

அப்படியும் இருக்கலாம், கடலின் வேலையாகவும் இருக்கலாம். அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் தூளாகக் காற்றில் மிதந்து எல்லாவற்றின் மேலும் படியும். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துபோகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஜன்னலைத் திறந்து வைத்தால் அன்று துவைத்த துணிகூட இரவுக்குள் நசநசக்கும், துண்டு காயாது.

துவைக்காத துணிக்கு அடையாளம் வேறு. மடிப்புக் கோடே இல்லாமல் நடுவில் மட்டும் கசங்கல், தலையணை உறையின் உட்புறம் எண்ணெய் வாடை, மெத்தைக்கடியில் செருகிய ஓரத்தில் முடியும் மணலும். இதில் ஒன்று தென்பட்டாலும் புதுத் துணி கேளுங்கள். வெறும் பிசுபிசுப்பு என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியை ‘ட்ரை’ நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்.

ஏசி ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை. 16 டிகிரிக்கு வைத்தும் பயனில்லை. ஏன்?

ரிமோட்டில் வைக்கும் எண், எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் ஏசிக்குச் சொல்லும். குளிர்விக்கும் வலுவைக் கூட்டாது.

கடலோர ஏசி சீக்கிரம் சாவதற்குக் காரணம் வெளி யூனிட். அதில் செம்புக் குழாய் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கோத்திருப்பார்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெள்ளைப் பொடியாகி, விரலால் தொட்டாலே உதிரும். தகடு போனால் வெப்பம் வெளியேறாது. கடலைப் பார்த்து மாட்டிய யூனிட் கட்டடத்தின் பின்புறம் மாட்டியதைவிட விரைவில் போய்விடும். மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் கழுவினால் ஆயுள் கூடும். பல இடங்களில் வாங்கிய நாளிலிருந்து கழுவியதே இல்லை.

ஹோட்டல்காரரால் உடனே சரிசெய்ய முடிந்தவை: ஃபில்டரைக் கழுவுவது, வெளி யூனிட்டில் தண்ணீர் பீய்ச்சுவது, உள் யூனிட்டில் ஐஸ் கட்டியிருந்தால் ஃபேனை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டி உருக்குவது. கேஸ் கசிந்திருந்தால் அன்று இரவு ஒன்றும் ஆகாது. “மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறார்” என்ற பதிலை இரவு எட்டு மணிக்கு மேல் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று விருந்தினரே செய்வது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசியைப் போட்டால் கண்ணாடியிலும் தரையிலும் தண்ணீர் வழியும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேல் பட்டாலும் நீராகிவிடும். அதைக் காட்டி ‘கூரை ஒழுகுகிறது’ என்று புகார் செய்தால் எடுபடாது.

முதல் ஆள் குளித்ததும் வெந்நீர் தீர்ந்துவிடுகிறது. ஏமாற்றுகிறார்களா?

கணக்குப் போட்டால் புரியும். சின்ன ஹோட்டல்களில் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் பரவலாக இருக்கும். 25 டிகிரித் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர அதற்குக் கால் மணிக்குச் சற்றுமேல் ஆகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளித்தால் மொத்தம் 30 லிட்டர்தான் தேறும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் அது நாலு நிமிடம்கூட வராது. ஷவரை விட்டுவிட்டு வாளியில் பிடித்துக் குளித்தால் ஒரே கீசரில் இருவர் குளிக்கலாம்.

‘24 மணி நேரமும் வெந்நீர்’ என்று போட்டுவிட்டு, சோலார் என்று சொல்லிக் காலை இரண்டு மணி நேரம் மட்டும் விட்டால் அது வேறு கதை. சொன்னதைத் தரவில்லை என்று பணம் கேட்கலாம்.

தண்ணீர் உப்புக் கரிக்கிறது, சோப்பு நுரைக்கவில்லை. இது ஹோட்டலின் குறையா?

பெரும்பாலும் கிணற்றின் குறை. கரையோர நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. அதே கணக்குத்தான் எதிர்த்திசையிலும்: இறைத்து இறைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், நாளடைவில் உப்புநீர் 40 மீட்டர் மேலேறும். எல்லாரும் மோட்டார் போடும் சீசனில் தண்ணீர் கரிப்பது அதனால்தான்.

குளிக்கலாம், தோலுக்குக் கெடுதல் இல்லை. குளித்து முடிக்கையில் ஊற்றிக்கொள்ள ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டால் பல இடங்களில் தருவார்கள். குடிக்கவும் பல் தேய்க்கவும் தனித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினாலே வாய்க்குப் பிடிக்காது. கடல் நீரில் அது சுமார் 35,000.

குழாயைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் வந்து பிறகு தெளிகிறது. பயப்பட வேண்டுமா?

நிறம் இரும்புக் குழாயின் துரு. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த அறைக் குழாயில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்றிருக்கிறது என்பது. தேங்கிய 20–45 டிகிரித் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். குடிப்பதைவிட, ஷவரின் நுண்துளியோடு மூச்சில் போவதில்தான் ஆபத்து. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களிடையே நிமோனியா பரவிப் பலர் இறந்தபோதுதான் இந்தக் கிருமியையே கண்டுபிடித்தார்கள். முதல் முறை ஷவரைத் திறந்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். வயதானவர், நுரையீரல் நோய் உள்ளவர் கூட இருந்தால் இதைத் தவறவே விடாதீர்கள்.

மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பெட்ஷீட்டின் நான்கு மூலைகளையும் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பூச்சியாக இருக்காது, பேனா மை ஊறிய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அது அதன் எச்சம். ஈரத் துணியால் துடைத்தால் பழுப்பாக இழுபடும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், தட்டை, செம்பழுப்பு. முட்டை 1 மில்லிமீட்டர் வெள்ளை. மெத்தை சுத்தமாக இருந்தாலும் கட்டில் தலைமாட்டுப் பலகையின் பின்னால் டார்ச் அடிக்காமல் விடாதீர்கள், அதன் பிரியமான இடம் அது.

இருந்தால் பக்கத்து அறைக்கு மாறாதீர்கள். சுவர் இடுக்கு, ஸ்விட்ச் பெட்டி வழியாக அடுத்த அறைக்கும் போகும். வேறு தளம் அல்லது வேறு ஹோட்டல். வீட்டுக்கு வந்ததும் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், அல்லது ட்ரையரில் அதிகச் சூட்டில் அரை மணி ஓட்டலாம். கடித்த தடிப்பு சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும். ஆகவே ‘நேற்றுத்தான் வந்தீர்கள், இங்கே கடித்திருக்காது’ என்ற வாதமும் செல்லாது, ‘இங்கேதான் கடித்தது’ என்று நீங்கள் சொல்வதும் தனியே நிற்காது. மெத்தை ஓரத்தின் படம்தான் பேசும்.

எங்கே பார்த்தாலும் துரு. எதற்குப் பயப்பட வேண்டும்?

கொக்கி, கீல், துண்டுக் கம்பியில் துரு இருந்தால் விடுங்கள். ‘எவர்சில்வர்’ என்று வாங்கிப் போட்ட 304 ரகம்கூடக் கடலோரத்தில் தேநீர்க் கறை போலப் பழுக்கும். மாலிப்டினம் சேர்த்த 316 ரகம்தான் ஓரளவு தாங்கும், விலையும் கூடுதல்.

பயப்பட வேண்டியது பால்கனிக் கைப்பிடிக்கு. சாய்வதற்கு முன் கம்பி தரையில் பதிந்திருக்கும் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மேலே பெயிண்ட் பளிச்சென்று இருக்க, அடியில் சிமெண்டு வெடித்து, துரு அடுக்கடுக்காக உரிந்து, கம்பி பாதியாக மெலிந்திருக்கும். உப்பு நீர் தேங்கும் இடம் அதுதான். பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். அடி ஆடினால் அந்தப் பால்கனியைப் பூட்டி வையுங்கள், குழந்தைகளை விடாதீர்கள், ரிசப்ஷனில் எழுத்தில் சொல்லுங்கள். கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிந்தால், அதற்கு நேர்கீழே கட்டில் இருக்கக் கூடாது.

அடுத்தது மின்சாரம். குழாயைத் தொட்டால் ‘சுர்’ என்றால் கீசரை உடனே அணைத்து, அறை மாறும்வரை குளிக்காதீர்கள். மின்பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றும் சாதனம் அதுதான், வெறும் ஃபியூஸ் காப்பாற்றாது.

‘கடல் தெரியும் அறை’ என்றார்கள். கழுத்தைத் திருப்பினால்தான் ஒரு கீற்றுத் தெரிகிறது. இதற்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

புக்கிங்கில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ‘கடலை நோக்கிய அறை’ என்றால் ஜன்னல் நேராகக் கடலைப் பார்க்க வேண்டும். ‘கடல் காட்சி’ என்றால் எந்தக் கோணத்திலாவது தெரிந்தால் போதும் என்று ஹோட்டல்காரர் வாதாடுவார். ‘பகுதிக் காட்சி’ என்றால் அந்தக் கீற்றுத்தான். ‘கடலோர அறை’ என்பது கட்டடம் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர ஜன்னலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு படம், ஜன்னலருகே நின்று ஒரு படம் எடுங்கள். புக்கிங் பக்கத்தில் அறை வகையின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடல் காட்சிக்காகக் கூடுதலாகக் கட்டிய தொகை, அதாவது சாதாரண அறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், நியாயமான கோரிக்கை. முழு வாடகையையும் கேட்டால் பேச்சே நடக்காது.

படத்தில் அகலமான மணல்வெளி இருந்தது. நேரில் படிக்கட்டு வரை தண்ணீர். பொய்ப் படமா?

ஓதம், அதாவது கடல் நீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம், இறங்கிய நேரத்தில் எடுத்த படமாக இருக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் இரண்டும் அதிகம். ஆறு மணி நேரம் பொறுத்தால் அதே மணல் வெளிப்படலாம். இறங்கிய நேரத்திலும் மணல் இல்லை, கல் கொட்டியிருக்கிறது என்றால் கரை அரித்துப் போயிருக்கிறது. பழைய படத்தை மாற்றாமல் வைத்திருப்பது ஹோட்டலின் தப்புத்தான்.

பகலில் நல்ல காற்று, ராத்திரி புழுக்கம். ஏன்?

பகலில் நிலம் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து வீசும். இரவில் நிலம் குளிர்ந்ததும் திசை மாறி, வலுக்குறைந்து, நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கடல் பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறைக்கு ராத்திரிக் காற்று கிடைக்காது. ஏசி இல்லாத அறை எடுத்தால் எதிர்ப்பக்கமும் ஒரு திறப்பு இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

புகாரை யாரிடம், எப்படிச் சொன்னால் வேலை நடக்கும்?

தங்கி முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் கொட்டித் தீர்ப்பது பயனற்றது. “அப்பவே சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்போமே” என்ற ஒரே வரியில் அடித்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன் ஆதாரம். ஏசி என்றால் ரிமோட் எண்ணும் ஓடும் யூனிட்டும் ஒரே வீடியோவில், அறை எண்ணிலிருந்து தொடங்கி வெட்டாமல். பூஞ்சை என்றால் தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று. பக்கத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த அறை என்று யாரும் கேட்கலாம்.

பிறகு நேரில் போங்கள். குறையை ஒரு வரியில் சொல்லி, வேண்டியதை அடுத்த வரியில் கேளுங்கள்: “ஏழாம் நம்பர் ரூம்ல ஏசி அரை மணியா ஓடுது, குளிரல. வேற ரூம் மாத்திக் கொடுங்க. இல்லேன்னா எட்டு மணிக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க.” ‘ரூம் மோசம்’ என்று பொதுவாகச் சொன்னால் பதிலும் பொதுவாகத்தான் வரும். கையோடு அதையே வாட்ஸ்அப்பிலோ, புக்கிங் ஆப்பின் உரையாடலிலோ எழுதி அனுப்புங்கள். பிற்பாடு எண்ணப்படுவது அந்தச் செய்தியின் நேரம்தான், ரிசப்ஷனில் போட்ட சத்தம் அல்ல.

ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பணம் திருப்பித் தரும் அதிகாரம் அநேகமாக இருக்காது, அறை மாற்ற மட்டும் முடியும். அவரிடம் அறையைக் கேளுங்கள், பணத்தை உரிமையாளரிடம் கேளுங்கள். இரண்டையும் அவரிடமே கேட்டால் பயந்து எதையும் செய்யமாட்டார்.

எவ்வளவு பணம் கேட்பது நியாயம்?

சட்டத்தில் இதற்கு விலைப்பட்டியல் இல்லை, இது பேரம். பூச்சியோ பூஞ்சையோ இருந்து மாற்று அறையும் இல்லை என்றால் மீதி இரவுகளின் முழுத் தொகையும் கேட்கலாம். ஏசி அறைக்குப் பணம் வாங்கிவிட்டு ஏசி ஓடாத இரவுக்கு, குறைந்தது ஏசி இல்லாத அறை வாடகையோடு உள்ள வித்தியாசம். ஒரு காலை வெந்நீர் வரவில்லை, வைஃபை தடுமாறியது என்பதற்கெல்லாம் பணமாகக் கேட்பதைவிட, கிளம்பும் நேரத்தைச் சில மணி தள்ளிக் கேட்டால் உடனே கிடைக்கும். அவர்களுக்கு அதில் கைக்காசு போவதில்லை.

பாதியிலேயே காலி செய்தால் மீதிப் பணம் வருமா?

சொல்லாமல் கிளம்பினால் வராது. ‘இன்ன குறை, சரிசெய்யப்படவில்லை, ஆகவே இன்று இத்தனை மணிக்குக் காலி செய்கிறோம், மீதி இத்தனை இரவுக்குக் கட்டணம் வேண்டாம்’ என்று எழுதி அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். ஆப் வழியே புக் செய்திருந்தால், காலி செய்வதற்கு முன்பே அவர்களுடைய உதவி எண்ணை அழையுங்கள். அவர்கள் ஹோட்டலைக் கூப்பிட்டு ‘கட்டணமின்றி விடுவிக்கிறோம்’ என்ற சம்மதத்தை வாங்குவார்கள். அது பதிவாகாமல் வெளியேறினால் ‘விருந்தினர் தாமாகவே முன்கூட்டிக் கிளம்பினார்’ என்று கணக்கு முடிந்துவிடும்.

ஹோட்டல் ஆப்பைக் கைகாட்டுகிறது, ஆப் ஹோட்டலைக் கைகாட்டுகிறது. யாரைப் பிடிப்பது?

அட்டை அல்லது வங்கிக் கணக்கின் பட்டியலில் யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். அவர்தான் திருப்பித் தர வேண்டியவர். இருவருமே நகரவில்லை என்றால் கடன் அட்டை, டெபிட் அட்டை இரண்டிலும் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவதை, கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இத்தகைய தகராறுகளுக்குப் பெரும்பாலும் 120 நாள் கெடு. வங்கி அதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம் என்பதால் தாமதிக்க வேண்டாம். காரணமாக ‘சொன்னபடி சேவை இல்லை’ என்பதைத் தேர்ந்து, புக்கிங் விவரம், படம், ஹோட்டலிடம் முதலில் கேட்டதற்கான செய்தி மூன்றையும் சேருங்கள். மூன்றாவது இல்லாத மனுக்கள்தான் அதிகம் தோற்கின்றன. எல்லா இரவும் தங்கி முடித்துவிட்டு முழுத் தொகையைக் கேட்டாலும் நிற்காது.

போய்ச் சேர்ந்தால் அறையே இல்லை என்கிறார்கள்!

ஒரே அறையை இரண்டு ஆப்களில் விற்றிருப்பார்கள். சிறிய இடங்களில் கணக்கைக் கையால் ஒத்துப்பார்ப்பதால் இது நடக்கும். சமமான அல்லது உயர்ந்த அறையை வேறிடத்தில் அவர்களே பிடித்துத் தர வேண்டும், வித்தியாசத் தொகையும் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு என்பது தொழிலின் வழக்கம். நீங்களே ‘ரத்து’ பட்டனை அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் ரத்து செய்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ரிவ்யூ எப்படி எழுதினால் மற்றவருக்குப் பயன்படும்?

அறை எண் அல்லது தளம், தங்கிய மாதம், குறை, சொன்ன பிறகு என்ன செய்தார்கள். இந்த நான்கும் இருந்தால் போதும். ‘தரைத்தளம், கடல் பக்கம், மழைக்காலம், தலைமாட்டுச் சுவரில் பூஞ்சை, கேட்டதும் மாடியில் அறை கொடுத்தார்கள்’ என்ற ஒரு வரி, ‘மகா மோசம், போகாதீங்க’ என்பதைவிடப் பத்து மடங்கு உதவும். பணம் திரும்பத் தராவிட்டால் மோசமாக எழுதுவேன் என்று முன்கூட்டி மிரட்டாதீர்கள். பல தளங்கள் அப்படிப்பட்ட ரிவ்யூவை நீக்கிவிடும்.

அடுத்த தடவை புக் செய்வதற்கு முன் என்ன கேட்பது?

ஹோட்டல் போட்ட படங்களை விட்டுவிட்டு விருந்தினர் போட்டவற்றைத் தேதி வாரியாகப் பாருங்கள், கடைசி ஆறு மாதம் போதும். செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே சாலையோ, வேறு கட்டடமோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போன் செய்து மூன்றே கேள்வி: வெளி யூனிட் எந்தப் பக்கம் இருக்கிறது, கீசர் எத்தனை லிட்டர், ஜெனரேட்டர் எந்த அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதில் தெரியாமல் தடுமாறினால் பரவாயில்லை, போய்ப் பார்த்துச் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

சீசன் தொடங்கும் முதல் வாரத்தில்தான் மேலே சொன்ன வாடை, பழுப்புத் தண்ணீர், காய்ந்த ட்ராப் எல்லாம் ஒன்றாக வரும், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்திருக்குமே. அப்போது போவதானால், “முந்தின ராத்திரி ஆள் தங்கின ரூமாப் பார்த்துக் கொடுங்க” என்று கேளுங்கள்.